கோடு விழாத மூன்று வரிகள்

சலவை ஆலையில் அவளுக்கு மடிப்பக்கா என்று பேர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள் வெந்நீரில் துவைத்துப் பிழியப்பட்டு, சூட்டு உருளைக்குள் நுழைந்து, அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை எதிரில் நிற்கிறவள் பிடிப்பாள். ஒரு உதறல், இரண்டு எட்டு முன்னால், இரண்டு எட்டு பின்னால். விரிப்பு சதுரமாகிவிடும். இருபத்தோரு வருஷமாக இதே வேலை. அவள் மடித்த அடுக்கைக் கலைக்க யாருக்கும் மனசு வராது.

அவள் புருஷன் ரொட்டி வண்டி ஓட்டினார். விடிவதற்கு முன்பே கிளம்பி, கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு மத்தியானம் இரண்டரைக்கு வீடு வந்து சேருவார். அவளுக்கோ இரண்டாவது ஷிப்ட். ஒன்றேகாலுக்குப் படி இறங்கினால் அவர் படுத்த பிறகுதான் வருவாள். ஆக, ஒரே கட்டிலில் படுத்து எழுந்த இரண்டு பேர், வாரத்தில் ஆறு நாள் ஒருவரை ஒருவர் தூங்குகிற முகமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண் திறந்த முகம்.

இதை எப்படிக் குடும்பம் என்று சொல்வது என்று கேட்பீர்கள். நோட்டு வைத்து நடத்தினார்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியில் கயிறு போட்ட ஒரு நோட்டு. அவர் கறுப்புப் பேனா, அவள் பச்சைப் பேனா. மகளுக்கு எழுத்துக் கூட்ட வந்ததும் நீலப் பேனா. 'கேஸ் தீர்ந்துடும்போல இருக்கு.' 'குழந்தைக்கு இருமல், மருந்து மேல் தட்டில.' 'பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டார், குடுத்தேன், திட்டாத.' இப்படி எழுதி எழுதி நோட்டு தீரும், புது நோட்டு தொங்கும். பழையது பரணுக்குப் போகும்.

அந்த வீட்டில் இரண்டே சட்டம். தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது ஒன்று. இரண்டாவது நோட்டுச் சட்டம். ஒருவர் எழுதியதைப் படித்தவர் அந்த வரியின் முடிவில் தன் பேனாவால் சாய்வாக ஒரு கோடு போடவேண்டும். கோடு விழுந்தால் விஷயம் காதில் விழுந்தது என்று அர்த்தம். கோடு விழாத வரியை, எழுதினவர் மறுநாள் பக்கத்தில் திரும்ப எடுத்து எழுதவேண்டும். கோடு விழுகிறவரை எழுதவேண்டும். "கோடு போட்டாச்சா?" என்று அந்த வீட்டில் கேட்பது, சாப்பிட்டாயா என்று மற்ற வீட்டில் கேட்கிற மாதிரி.

சண்டை வந்தாலும் நோட்டில்தான் வரும். மடிப்பக்காவுக்குக் கோபம் வந்தால் முதல் காரியமாக நோட்டைத் திருப்பிச் சுவர் பார்க்கத் தொங்கவிடுவாள். 'உன் பேச்சே வேண்டாம்' என்று அதற்குப் பொருள். ஆனால் திருப்புகிற சாக்கில் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். படிப்பாள், கோடு மட்டும் போடமாட்டாள். அது அவருக்கும் தெரியும். "திருட்டுப் பூனை, பால குடிச்சிட்டு வாயத் தொடைச்சிக்கிற" என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்துவிடுவாள். சண்டை அத்தோடு சரி.

கடைசிச் சண்டை ஒரு குறட்டையில் ஆரம்பித்தது. அவளுடைய தம்பி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஆரம்பித்தார்.

"உங்க அக்கா தூங்க ஆரம்பிச்சா நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணவே தேவையில்ல மாப்ள. வீடே கிளம்பிடும்."

தம்பி பெண்டாட்டிக்குப் புரை ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு. மடிப்பக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. வந்ததும் நோட்டை எடுத்தாள், அவர் கண் முன்னாலேயே சுவர் பக்கம் திருப்பினாள்.

"இந்த வாரம் பூரா தொடமாட்டேன். பார்க்கவும் மாட்டேன்."

"பார்ப்ப, பார்ப்ப" என்றார் அவர்.

அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நிஜமாகவே பார்ப்பதில்லை என்று முடிவு கட்டினாள். பிடித்தால் விடாத ஜாதி அவள். திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது நோட்டு முன்பக்கம் திரும்பித் தொங்கியது. அவர் எதையோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு கையால் தடவித் திருப்பினாள். செவ்வாய்க்கிழமையும் முன்பக்கம் பார்த்துத் தொங்கியது. திருப்பினாள். புதன்கிழமையும் அப்படியே. திருப்பும்போது உள்ளுக்குள் ஒரு குஷிகூட இருந்தது. 'கெஞ்சறார், கெஞ்சட்டும்.'

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரொட்டி வண்டி ஓரமாக நின்றிருந்தது. கைப்பிரேக் இழுத்து, விளக்கு சிமிட்டிக்கொண்டு, சாலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒழுங்காக நின்றிருந்தது. அவர் ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார். அடுத்த கடைக்காரர் ரொட்டி வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்துதான் கண்டுபிடித்தார். மாரடைப்பு என்றார்கள்.

மகள் அப்போது ஊரில் இல்லை. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை பார்க்கிறவள். கம்பெனி அவளைப் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியிருந்தது. ஓடி வந்து அப்பாவைப் பார்த்தவள் அழுவதற்கு முன்னால் கேட்டது இதைத்தான்:

"ஒண்ணுமே சொல்லலையாம்மா? ஒரு வலி, ஒரு அசதி, ஒண்ணுமே?"

"இல்லம்மா" என்றாள் மடிப்பக்கா. அந்த நிமிஷம் அது பொய் இல்லை. அவளுக்குத் தெரிந்து ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போனது. வந்தவர்கள் போனார்கள், வீடு காலியானது. ஒரு காலை வேளையில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் நோட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் திருப்பினாள்.

திங்கட்கிழமைப் பக்கத்தில், 'நேத்து சாயங்காலத்திலிருந்து நெஞ்சுல ஏதோ அழுத்துது. தட்டு தூக்கினா கூடுது. எந்த டாக்டர்னு நீதான் சொல்லணும்.'

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், 'நேத்து எழுதினதுதான். நெஞ்சு. இன்னைக்கு இடது கையும்.'

புதன்கிழமைப் பக்கத்தில், 'நெஞ்சு விஷயம். குறட்டை விஷயம் மன்னிச்சிடு. கோடு போடு.'

டாக்டர் வீட்டு விவகாரமெல்லாம் அந்த வீட்டில் அவள் பொறுப்பு. அவர் தானாக ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கினதில்லை. படித்து முடித்ததும் அவள் கை தன் பாட்டுக்குப் பச்சைப் பேனாவை எடுத்தது. மூன்று வரிக்கும் முடிவில் மூன்று கோடு போட்டது. இத்தனை வருஷப் பழக்கம், அவளைக் கேட்டுக்கொண்டா கை போகும்? மூன்றாவது கோடு போட்ட பிறகுதான், என்ன செய்தோம் என்று உறைத்தது. பச்சை மை காய்ந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? திங்கட்கிழமையே படித்திருக்கிறாள், செவ்வாய், புதனும் படித்திருக்கிறாள், படித்துக் கோடும் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள்.

நோட்டை ஒரு படுக்கை விரிப்புக்குள் வைத்து மடித்தாள். எட்டு மடிப்பு. அலமாரியில் அடுக்குக்கு நடுவில் செருகினாள். அவள் மடிப்பை யார் கலைக்கப்போகிறார்கள்.

அன்று முதல் பொய் ஆரம்பித்தது. ஆணி காலியாக இருப்பதைப் பார்த்து மகள் கேட்டபோது, 'நோட்டு தீர்ந்துடுச்சி, பரண்ல போட்டாச்சு' என்றாள். வேலையிடத்தில், தெருவில், தம்பி வீட்டில், யார் கேட்டாலும் "ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். மகள் ஆத்திரப்பட்டு, "அவ்ளோ வீம்பா அந்த மனுஷனுக்கு? புதன்கிழமை எனக்கு போன் பண்ணார்மா. கால் மணி நேரம் பேசினார். சாப்பாடு நல்லா இருக்கா, மெத்தை நல்லா இருக்கான்னு. தன்னப் பத்தி ஒரு வார்த்தை வரல" என்பாள். அதற்கு இவள், "அவர் எப்பவும் அப்படித்தான், எதையும் உள்ளயே வெச்சிப்பார்" என்பாள். இதைச் சொன்ன நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் எழுதிக் கேட்ட மனுஷனை, எதையும் சொல்லாதவர் என்று ஆக்கிவிட்டாள். மகள் அப்பாவின் தேநீர்க் கோப்பையை எடுத்து மேல் தட்டில் கவிழ்த்து வைத்தாள். அவர் படத்தைப் பார்க்கும்போது அவள் கண்ணில் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. மடிப்பக்கா அதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. 'பார்ப்ப, பார்ப்ப' என்றாரே. ஒவ்வொரு சண்டையிலும் அவள் திருட்டுத்தனமாகப் படிக்கிறவள் என்று அவருக்குத் தெரியுமே. அப்படியென்றால் இந்தத் தடவையும் படித்திருப்பாள் என்றுதானே நினைத்திருப்பார்? நெஞ்சு வலி என்று தெரிந்தும் பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேவா கைப்பிரேக்கை இழுத்தார்? இதை நினைக்கும்போதெல்லாம் விரிப்பின் முனை கையிலிருந்து நழுவும்.

நழுவ நழுவ எதிரில் நிற்கிறவள் கவனித்துவிட்டாள். அவளை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள், அத்தனை உயரம், அத்தனை ஒல்லி.

"அக்கா, நீ மடிச்ச விரிப்பு மூணு மூலையா வருது. ஆஸ்பத்திரிக்காரன் இத சமோசான்னு திருப்பி அனுப்பிடுவான்."

"போடி."

"போறேன். நீயும் ஒரு எடத்துக்கு போ. செவ்வாய்க்கிழமை ஆலோசனை சொல்ல ஒரு அம்மா வர்றாங்களே, மேல் மாடியில. அவங்ககிட்ட பேசு."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம் இல்லாதவங்கதான் போறாங்க. பைத்தியம் எங்க போவுது, சூப்பர்வைசரா கீழயே உக்காந்திருக்கு."

சிரிப்பு வந்ததால் போனாள். ஆலோசனை சொல்கிற அம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். கேட்டதற்கெல்லாம் இவள் 'உம்' கொட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா ஒரு புது நோட்டை நீட்டினார்.

"வாயால வரலன்னா கையால வரட்டும். தினம் இருபது நிமிஷம். மனசுல அடியில கிடக்கிறது எதுவோ அத எழுதுங்க. பிழை பாக்காதீங்க. யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதிட்டுக் கிழிச்சிக்கூடப் போட்டுடலாம்."

"படிக்க ஆள் இல்லாம எதுக்கு எழுதறது?"

"நீங்க இருக்கீங்களே."

மடிப்பக்காவுக்கு அது சமாதானமாகப் படவில்லை. யாருக்கோ சொல்வதற்குத்தானே எழுத்து. ஆனாலும் மறுநாள் காலை மேஜையில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். எழுதினாள்: 'சர்க்கரை வாங்கணும்.' வேறு வரவில்லை. இரண்டாம் நாள்: 'குழாய் சொட்டுது. ஆள் கூப்பிடணும்.' மூன்றாம் நாள் பன்னிரண்டு நிமிஷம் உட்கார்ந்து, 'நீங்க இல்ல' என்று எழுதிவிட்டு அதையும் அடித்தாள். வாழ்நாளெல்லாம் ஒரு வரிக்குமேல் எழுதாத கை. துக்கத்தை எழுது என்றால் அதுவும் சாமான் பட்டியலாகத்தான் வந்தது.

ஒன்பதாம் நாள் எப்படியோ பிய்த்துக்கொண்டது. இரண்டு பக்கம் எழுதினாள். நோட்டைத் திருப்பினது, கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டது, உள்ளுக்குள் குஷிப்பட்டது, மூன்று கோடு, எட்டு மடிப்பு, எல்லாம். எழுதி முடித்தபோது கழுத்தெல்லாம் வியர்வை. அந்தத் தாள்களைக் கிழித்து, ஆலைக்குக் கொண்டுபோய், உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சுத்தூசி கொட்டுகிற தொட்டியில் தூவினாள்.

அடேயப்பா, என்ன லேசு! அன்று வயிறாரச் சாப்பிட்டாள். விரிப்பு நாலு மூலையாக மடிந்தது. ஒட்டடைக்குச்சி, "என்னக்கா, சமோசா கடைய மூடிட்ட?" என்றாள். இரண்டு நாள் இப்படிப் போனது.

மூன்றாம் நாள் காலையில் மகள் காலணி மாட்டிக்கொண்டே நின்றாள். முந்தின நாள் மடிப்பக்காவுக்கு ஷிப்டில் லேசாகத் தலை சுற்றியது யார் மூலமாகவோ அவள் காதுக்குப் போயிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா சொல்லிடு. தலை சுத்தினாலும் சொல்லு, கால் இழுத்தாலும் சொல்லு. அப்பா மாதிரி மறைச்சி வெச்சி எங்கள ஏமாத்தாத. இன்னொரு தடவை என்னால முடியாது. சொல்லுவேன்னு சொல்லு."

"சொல்றேன்."

"என் தலை மேல கை வெச்சி சொல்லு."

வைத்தாள். அந்தத் தலை சூடாக இருந்தது. மகள் போன பிறகும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கிழித்துப் போட்டதில் இவள் நெஞ்சுதான் லேசானது. அவர் மேல் வைத்த பழி அப்படியே அவர் மேல்தான் கிடந்தது. தன் பாரத்தை இறக்கி வைத்து இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டாளே, அதை நினைத்து அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக வந்தது.

அன்றே அலமாரியைத் திறந்தாள். எட்டு மடிப்பையும் பிரித்தாள். பழைய நோட்டை எடுத்து, அவர் எழுதின புதன்கிழமைப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் பச்சைப் பேனாவால் எழுதினாள்:

'அப்பா மறைக்கல. எனக்கு எழுதினார். மூணு நாள் எழுதினார். நான் கோவத்துல படிக்கல. கோடெல்லாம் அவர் போன பிறகு போட்டது. உன்கிட்ட பொய் சொன்னேன். என்ன மன்னிச்சிடு.'

ஆணியில் மாட்டி, வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் ஏழரைக்குச் சலவை ஆலையின் சாப்பாட்டு இடைவேளை. கூடைகளுக்கு நடுவே மகள் வந்து நின்றாள். கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறாள். கையில் நோட்டு.

"கோடு போட்டிருக்க." குரல் தாழ்ந்துதான் இருந்தது. "மூணுக்கும் போட்டிருக்க. அவர் கையும் வலிக்குதுன்னு எழுதறார், நீ பச்சையா ஒரு கோடு போட்டுட்டு இங்க வந்து விரிப்பு மடிச்சிருக்க."

"அடுத்த பக்கம் படிம்மா."

"அடுத்த பக்கம் என்ன, காரணமா?"

"படி, தெரியும்."

"படிக்கமாட்டேன். நாலு மாசம் நான் அவர திட்டினேன். பக்கத்துல உக்காந்து நீ தலையாட்டினம்மா. இனி நீ எழுதற எதையும் நான் படிக்கமாட்டேன்."

நோட்டை விரிப்பு அடுக்கின் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒட்டடைக்குச்சி எழுந்து வந்தாள். அக்காவின் சாப்பாட்டு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான்.

மகள் அம்மா மாதிரியே. பிடித்தால் விடமாட்டாள். காலையில் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் போட்டார்கள். நோட்டு ஆணிக்குத் திரும்பியிருந்தது. முதல் நாள் மடிப்பக்கா பார்த்தபோது தான் எழுதின வரிகளின் முடிவில் நீலக் கோடு இல்லை. சட்டம் தெரியுமே. புதுப் பக்கம் திருப்பித் திரும்ப எழுதினாள். மறுநாள் காலை நோட்டு சுவரைப் பார்த்துத் தொங்கியது. திருப்பினாள், கோடு இல்லை, திரும்ப எழுதினாள்.

எழுதும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறியது. 'கோவத்துல படிக்கல' என்பது, 'வீம்புல படிக்கல, உள்ளுக்குள்ள சந்தோஷமாகூட இருந்தது' என்று ஆனது. 'பொய் சொன்னேன்' என்பது, 'நீ என்ன வெறுத்துடுவியேன்னு பயந்து உங்கப்பாவ வெறுக்க விட்டேன்' என்று ஆனது. ஆறாம் நாள், 'அவர் குறட்டைன்னு சொன்னது உண்மைதான். நான் குறட்டை விடுவேன்' என்று சேர்த்தாள். ஆலோசனை அம்மா கேட்ட இருபது நிமிஷம் தாண்டி அரை மணி ஆயிற்று, அவளுக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் காலையில் நோட்டைத் திருப்பியபோது ஒன்று தோன்றியது. 'இவ திருட்டுத்தனமா படிக்கிறாளோ?' உடனே, 'இல்ல, படிச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லாம இருப்பாளா? படிக்கல. அதான் திரும்ப எழுதறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தவள், திறந்த பேனாவோடு நின்றுவிட்டாள்.

அவரும் திரும்ப எழுதினார். திங்கட்கிழமை எழுதினதைச் செவ்வாய்க்கிழமை எழுதினார், புதன்கிழமை எழுதினார். பெண்டாட்டி படித்துவிட்டுக் கல் மாதிரி இருக்கிறாள் என்று நினைக்கிறவன் மறுபடி எழுதுவானா? படிக்கவில்லை என்று நம்பினதால்தானே 'கோடு போடு' என்று கேட்டார்? வாயால் 'பார்ப்ப, பார்ப்ப' என்றாலும், அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நாலு மாசத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்தபோது அந்த ஒரு முள் எடுபட்டிருந்தது. ஆனால் பெரியது எடுபடவில்லை. கையை நீட்டித் திருப்பிப் பார்த்திருந்தால் போதும் என்பது அப்படியேதான் இருந்தது. மூன்று காலை, மூன்று தடவை கை நீண்டது, மூன்று தடவையும் சுவர்ப்பக்கம் திருப்புவதற்காகவே நீண்டது. அதற்கு எந்த யோசனையும் மருந்து இல்லை.

அன்று அவள் எழுதவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்ததால் நேரம் கழித்து எழுந்தாள். சமையலறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. எட்டு நாளில் முதல் குரல்.

"அம்மா."

"என்னம்மா?"

"நேத்து ஏன் எழுதல?"

மடிப்பக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"படிச்சிட்டுதான் இருந்தியா?"

"முதல் நாள் படிக்கல. ரெண்டாம் நாள்லேருந்து."

"கோடு போடலையே."

"போடத் தோணல." சற்று நேரம் ஸ்டூலின் காலை உதைத்தாள். "நேத்து பக்கம் காலியா இருந்துதா, பயந்துட்டேன். உள்ள வந்து பார்த்தேன். குறட்டை கேட்டுது. அப்புறம்தான் போய் படுத்தேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. மகள் நீலப் பேனாவை எடுத்தாள். அம்மா எழுதின பக்கங்களைத் திருப்பிக்கொண்டே பின்னால் போனாள். அவர் எழுதின திங்கட்கிழமைக்கு வந்தாள். பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோடு போட்டாள். செவ்வாய்க்கு ஒன்று. புதனுக்கு ஒன்று. 'கோடு போடு' என்ற இடத்தில் பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்ததால் மை ஊறிப் பொட்டாகிவிட்டது.

"சொல்லிட்டுதாம்மா போயிருக்கார்" என்றாள்.

"ஆமாம்மா."

பிறகு அம்மா எழுதினதற்கு வந்தாள். ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டாள். அப்பா மறைக்கல, கோடு. வீம்புல படிக்கல, கோடு. பயந்து வெறுக்க விட்டேன், கோடு. குறட்டை விடுவேன் என்பதற்கு இரண்டு கோடு. கடைசி வரிக்கு வந்தாள். 'என்ன மன்னிச்சிடு.' பேனா அதற்கு மேல் நின்றது. மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள்.

ஏன் என்று கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று மடிப்பக்காவுக்குத் தெரியும்.

மகள் எழுந்து நோட்டை ஆணியில் மாட்டினாள், முன்பக்கம் பார்க்க. மேல் தட்டில் கவிழ்ந்திருந்த கோப்பையை இறக்கிக் கழுவினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அந்தக் கடைசி வரிய நாளைக்கும் எழுதும்மா."

"எழுதறேன்."

கதவு சாத்தினதும் மடிப்பக்கா நோட்டுக்குப் பக்கத்தில் போனாள். நாளைக்கு என்றாலும், அவளால் நாளைவரை பொறுக்க முடியவில்லை. புதுப் பக்கம் திருப்பி, பச்சைப் பேனாவைத் திறந்தாள். அந்த ஒரே வரியை எழுதினாள். அதற்குக் கீழே, இடம் விட்டு, 'சர்க்கரை வாங்கியாச்சு' என்றும் எழுதினாள்.